தொப்பியைத் தின்னும் ரயில்: மலிவு விலை ஹெட்போன்களும் மும்பை லோக்கலும்

மும்பையின் முலுண்டில் வீட்டுக்குள் உட்கார்ந்து இயர்போனில் ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டால் மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் கேட்கிறது. வலந்தலை கணீரென்று பேசுகிறது. இடப்பக்கத் தொப்பி, ரவையைப் பிசைந்து அப்பிய அந்தக் கனத்த பக்கம், 'தொம்' என்று அடிவயிற்றில் இறங்குகிறது. அதே கச்சேரிப் பதிவை, அதே இயர்போனில், காலையில் சிஎஸ்எம்டி முனையத்துக்குப் போகும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கல் ரயிலில் கேட்கிறேன். நாஹுர் தாண்டி வண்டி வேகமெடுத்ததும் தொப்பி காணாமல் போய்விடுகிறது. வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று எங்கோ தட்டிக்கொண்டிருக்கிறது. பாண்டுப்பில் வண்டி நின்றால் தொப்பி திரும்பி வருகிறது. கிளம்பினால் மறுபடி போய்விடுகிறது.

ரொம்ப நாள் இயர்போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் வரும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் கூடுதல் விலையில் ஒன்று வாங்கினேன். அதிலும் நாஹுரில் தொப்பி போயிற்று. அப்போதுதான் உறைத்தது, இதைச் செய்வது வண்டி என்று.

ரயில் பெட்டிக்குள் வரும் இரைச்சலில் பெரும்பகுதி கீழ்ச்சுருதி. சக்கரமும் தண்டவாளமும் உரசும் உறுமல், பெட்டியின் தகடுகள் அதிரும் அதிர்வு எல்லாமே அடித்தொண்டைச் சத்தம். நம் காதுக்கு ஒரு குணம் உண்டு: ஒரே சுருதிப் பகுதியில் இரண்டு சத்தம் வந்தால், பலமானது மெலிந்ததை மூடிவிடும். தொப்பியும் பாஸ் கிட்டாரும் ரயிலும் ஒரே பேட்டையில் குடியிருப்பவை. அதில் ரயில்தான் ரவுடி. அதோடு விடாமல், கீழ்ச்சுருதிச் சத்தம் தனக்கு மேலே இருப்பதையும் கொஞ்சம் மூடும். மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு மூடாது. அதனால்தான் வண்டி வேகமெடுத்தால் முதலில் தொப்பி போகிறது, பிறகு பாடுகிறவரின் குரலில் கனம் குறைகிறது, கடைசிவரை தாக்குப்பிடிப்பது ஜால்ரா.

இதற்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் வால்யூமைக் கூட்டுவது. தொப்பி கேட்கும் வரை கூட்டினால் வலந்தலை காதைத் துளைக்கும் அளவுக்கு வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் மிஞ்சும். முலுண்டிலிருந்து போக ஏறக்குறைய ஒரு மணி, வர ஒரு மணி, ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 12 மணி. 80 டெசிபலில் கேட்டால் வரம்பில் கால்பங்கைவிடச் சற்றே கூடுதல். 90 டெசிபலில் கேட்டால் மூன்று மடங்கு மீறல். வித்தியாசம் போனில் நாலைந்து கட்டம்தான்.

யூடியூபில் ஹெட்போன் விமர்சனம் செய்பவர்கள் ஒலிக்கு இத்தனை, சௌகரியத்துக்கு இத்தனை, வெளிச்சத்தத் தடுப்புக்கு இத்தனை என்று பரீட்சைப் பேப்பர் மாதிரி தனித்தனியாக மார்க் போடுகிறார்கள். சத்தமில்லாத அறையில் அது சரி. லோக்கலில் இந்த மூன்றும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. வெளிச்சத்தத்தைத் தடுக்காவிட்டால் ஒலி இல்லை. காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் தடுப்பு இல்லை. பொருந்துவது வலித்தால் பத்து நிமிஷத்தில் கழற்றிப் பையில் போட்டுவிடுவோம்.

தடுப்பே இல்லாத வகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அதுதான். 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி வாக்மேன் வந்தபோது அதோடு வந்த ஹெட்போனின் எடை ஐம்பது கிராம் அளவுதான். அதுவரை ஹெட்போன் என்றால் முந்நூறு, நானூறு கிராம், காதில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி. மெல்லிய கம்பி, பஞ்சு உறை, காதின் மேல் சும்மா உட்காரும். வீட்டை விட்டு வெளியே எடுத்துப்போகும் ஹெட்போன் என்ற பழக்கமே அங்கிருந்துதான் பரவியது. அதே குடும்பத்தில் 1984இல் அமெரிக்காவின் கோஸ் நிறுவனம் போர்ட்டா புரோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாற்பது வருஷம் தாண்டியும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கிறார்கள். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். நெற்றிப்பொட்டுக்கு மேலே ஒரு சின்ன மெத்தை, ஒரு நெம்புகோல். அதை நகர்த்தினால் காதில் விழும் அழுத்தத்தில் கொஞ்சம் தலைக்கு மாறும். கண்ணாடி போட்டவர்களுக்கு இது வரம். தலைக்கம்பி பிடிக்காதவர்களுக்குக் காதில் கொக்கி மாதிரி மாட்டும் கேஎஸ்சி75 இருக்கிறது, விலையும் குறைவு.

இவற்றின் ஒலி விலைக்கு மீறியது. தொப்பி கனமாக, கொஞ்சம் அதிகமாகவே வரும். பின்புறம் திறந்திருப்பதால் பாட்டு காதுக்குள் அடைபடாமல் எதிரில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். ஆனால் அதே திறப்பு வழியாக உலகம் முழுக்க உள்ளே வரும். வீட்டில் அதுதான் வசதி: குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் தெரியும், பால்காரர் மணி அடித்ததும் தெரியும். ரயிலில் வைத்துக் கேட்டால் நாஹுருக்கு முன்பே, வண்டி முலுண்ட் பிளாட்பாரத்தைத் தாண்டும்போதே தொப்பி போய்விடும். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு உங்கள் பாட்டும் இலவசமாகக் கேட்கும். (போன் ஸ்பீக்கரிலேயே ரீல்ஸ் ஓடவிடுகிறவர்களுக்கு மத்தியில் இது பெரிய குற்றமில்லை என்பது வேறு விஷயம்.)

அடுத்தது காதின் மேல் உட்காரும், பின்புறம் மூடிய வகை. ஆயிரம் ரூபாயைச் சுற்றி மும்பையில் நிறையத் தலைகளில் பார்த்தது சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110. எடை குறைவு, தட்டையாகத் திரும்பும், மைக் இல்லாதது இன்னும் மலிவு. மூடியிருக்கிறதே, சத்தம் தடுக்கும் என்று நினைத்து வாங்குவார்கள். காது மடல் சமதளமா என்ன? மேடும் பள்ளமுமான மடலின் மேல் தட்டையான மெத்தையை வைத்தால் ஓரங்களில் இடைவெளி விழும். கண்ணாடிக் காம்பு இருந்தால் இன்னும் பெரிய இடைவெளி. அதன் வழியே ரயில் உள்ளே வரும், தொப்பி வெளியே போகும். இறுக்கமாக அழுத்தினால் அடைபடும், ஆனால் மடல் வலிக்கும். இந்த வகையைக் குறை சொல்லவில்லை. மெட்ரோவின் மூடிய பெட்டியில், ஆபீஸில், போதும். லோக்கலுக்கு அரைகுறை.

காதை முழுதாகச் சூழும் பெரிய வகையைப் பற்றி மும்பையில் அதிகம் பேச வேண்டியதில்லை. ஜூன் வந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் காதுக்குள் குளம். தவிர, மலிவு வகைகளின் மெத்தை உறை பெரும்பாலும் பாலியூரிதேன் பூசிய போலித் தோல். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளை மெதுவாகச் சிதைக்கும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும்கூட இரண்டு மூன்று மழைக்காலத்தில் உரியத் தொடங்கிவிடும். சட்டைக் காலரில் கருப்புச் செதில், காதோரத்தில் கருப்புச் செதில், பார்க்கிறவர்கள் பொடுகுக்கு வைத்தியம் சொல்வார்கள். துணி உறை போட்ட மெத்தை தனியாகக் கிடைக்கும். வேர்வையைத் தாங்கும், ஆனால் தடுப்பு கொஞ்சம் குறையும். அங்கேயும் அந்த மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டுதான்.

இப்போது வயர்லெஸ். எங்கள் பக்கத்து ஃபிளாட் மாமா ஓய்வுபெற்றவர், சனிக்கிழமை தவறாமல் மாட்டுங்காவுக்குப் போய்க் கோயிலும் வாழைக்காயும் பார்த்து வருபவர். போன வருஷம் ஒரு ஜோடி வயர்லெஸ் மொட்டு (இயர்பட்) வாங்கினார். இரண்டாம் வாரமே கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, பெட்டில நாய்ஸ் கேன்சலேஷன்னு போட்டிருக்கான். எனக்கு ரயில் சத்தம் அப்படியே கேக்கறதே?"

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். இஎன்சி என்று போட்டிருந்தது. மலிவு விலைச் சந்தையில் மனிதர்களை அதிகம் ஏமாற்றும் மூன்றெழுத்து இதுதான். இஎன்சி (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்பது மைக்குக்கு. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் குறைக்கும். உங்கள் காதுக்கு அது எதையும் செய்யாது. காதுக்கு வேலை செய்வது ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்). மாமாவிடம் சொன்னேன்: "மாமா, இது உங்களுக்கு இல்லை, உங்களோடு போன்ல பேசறவாளுக்கு." "அவா காசு தரலையே," என்றார்.

ஏஎன்சியின் தத்துவம் பழையது. வெளியிலிருந்து வரும் ஒலி அலையை மைக்கில் பிடித்து, அதற்கு நேர்த்தலைகீழான அலையை உண்டாக்கி, மேடும் பள்ளமும் ஒன்றை ஒன்று நிரப்பிக்கொள்ளச் செய்வது. 1936லேயே பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைத் தலையில் மாட்டும் பொருளாக ஆக்கியதில் பெரிய பங்கு போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு. அப்பா வங்காளி, மகன் பிறந்து வளர்ந்தது பிலடெல்பியாவில். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் போகும் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காமல், உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார் என்பார்கள். விமானிகளுக்கான ஹெட்செட் 1989இல் விற்பனைக்கு வந்தது, பொதுமக்களுக்கானது 2000இல். இன்று அது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கிடைக்கிறது என்றாலும் அதற்கு எல்லை உண்டு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அவ்வளவு நீண்ட அலையை, சற்றுத் தாமதமாகிப் பிடித்தாலும், தலைகீழாக்கிப் பொருத்திவிடலாம். 3000 ஹெர்ட்ஸில் ஒரு அலை 11 சென்டிமீட்டர்தான். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தவறினாலே பொருந்தாது. எனவே ஏஎன்சி ரயிலின் உறுமலைக் குறைக்கும், பக்கத்தில் சண்டை போடுகிறவரைக் குறைக்காது. நமக்குத் தொப்பிதான் வேண்டும் என்பதால் அதுவே போதும் என்று தோன்றும். அங்கேதான் லோக்கலின் கதவு குறுக்கே வருகிறது. வெளிமைக்கில் காற்று நேராக அடித்தால் மலிவான ஏஎன்சிக்கு அது காற்றா சத்தமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. காற்றின் படபடப்பையே காதுக்குள் ஊதும். கதவருகே நிற்கிறவர்கள் ஏஎன்சியை அணைத்துவிடுவதே நல்லது. 2017 கிறிஸ்துமஸ் அன்று மேற்கு ரயில்வேயில் முதலில் ஓடிய ஏசி லோக்கல் மாதிரிக் கதவு மூடும் வண்டியில் போகிறவர்களுக்கு இது நல்ல முதலீடு.

மொட்டுகளைப் பற்றி இன்னொரு குறை, தொழில்நுட்பம் சாராதது. தாதரில் இறங்கும் கூட்டத்தில் ஒரு மொட்டு கழன்று பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே விழுந்தால் விழுந்ததுதான். விழாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் பொட்டுப் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துபோகும். மாற்றித்தர ஆள் கிடையாது.

ஆக, மிச்சமிருப்பது காதுத் துவாரத்துக்குள் போகும் ஒயர் வகை. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வட்டாரத்தில் இன்று ஒலியின் சொர்க்கம் இதுதான். கேஇசட், மூன்டிராப் போன்ற சீன நிறுவனங்கள் வந்த பிறகு, முன்பு பத்தாயிரம் கொடுத்துக் கேட்ட தெளிவு இந்த விலைக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் வாங்கியவர்களில் பாதிப் பேர் 'பாஸே இல்லை' என்று புலம்புவார்கள். காரணம் ஒரு சிலிக்கோன் டிப், காதுக்குள் நுழையும் அந்த மெத்தென்ற முனை. பெட்டியோடு மூன்று அளவில் டிப் கொடுப்பார்கள். ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவை மாற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. காதுத் துவாரமும் டிப்பும் காற்றுப் புகாமல் ஒட்டினால்தான் சின்னத் தகடு உண்டாக்கும் அழுத்தம் செவிப்பறைக்குப் போய்ச் சேரும். நூலிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஒழுகுவது கீழ்ச்சுருதி. ரயில் உள்ளே வருவதும் அதே ஓட்டை வழியாகத்தான். ஒரு ஓட்டைக்கு இரண்டு நஷ்டம்.

மாட்டும் முறை இது: எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாகக் கொஞ்சம் இழுங்கள். துவாரம் நேராகும். அப்போது உள்ளே விட்டுச் சற்றுத் திருப்புங்கள். பொருந்தியதா என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்டால் அடைந்துவிட்டது. இரண்டு காதும் ஒரே அளவு என்று யாரும் எழுதித் தரவில்லை; எனக்கு வலது நடு அளவு, இடது பெரியது. சிலிக்கோன் சரிப்படாவிட்டால் ஃபோம் டிப். உருட்டி நசுக்கி உள்ளே விட்டு அரை நிமிஷம் விரலால் பிடித்துக்கொண்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். தடுப்பில் அதை மிஞ்ச இந்த விலையில் எதுவுமில்லை. நம் ஊர் வேர்வைக்குச் சில மாதத்தில் கெட்டிப்பட்டுவிடும், மாற்ற வேண்டும்.

அசௌகரியங்கள் உண்டு. காதை அடைத்துக்கொண்டு வடாபாவ் தின்று பாருங்கள், மண்டைக்குள் கல் உடைப்பார்கள். நடந்தால் ஒவ்வொரு அடியும் திம் திம். ஒயர் சட்டையில் உரசினால் அந்தக் கரகரப்பும் கேட்கும். ஒயரைக் காதின் மேலாகச் சுற்றிப் பின்னால் விட்டால் பெரும்பாலும் போய்விடும். குர்லாவில் ஏறுகிறவரின் பை ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதற்கு மருந்தில்லை. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே விட்டுக்கொள்கிறேன்.

வாங்கும் இடம் என்றால் கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் லாமிங்டன் ரோடு. அங்கே ஒரு கடையில் டைப்-சி ஜாக்கை 3.5 மில்லிமீட்டராக மாற்றும் கன்வர்ட்டர் நூறு ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் மாட்டினால் சத்தமே இல்லை. ஓடிப்போய்க் கேட்டதற்கு "ஆப்கா ஃபோன் கராப் ஹை" என்றார். போனில் கோளாறில்லை. அந்தக் கன்வர்ட்டர் வெறும் கம்பி. போன் தானே ஒலி அலையை வெளியே அனுப்பினால்தான் வேலை செய்யும். நிறைய போன்கள் டைப்-சி வழியாக எண்களைத்தான் அனுப்புகின்றன. அவற்றுக்கு உள்ளே சிப் வைத்த கன்வர்ட்டர் வேண்டும். பெட்டியில் டிஏசி (எண்களை ஒலி அலையாக்கும் சிப்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பெட்டியில் போடும் எண்களுக்குப் பெரிய மதிப்பில்லை. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று எல்லோரும் போடுகிறார்கள். எந்தச் சுருதி எவ்வளவு கூடும் குறையும் என்று சொல்லாதவரை அது மனிதக் காதின் எல்லையைப் பற்றிய பொது அறிவு மட்டும்தான். 50 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலியெழுப்பும் பாகம்) என்பதும் அப்படியே. விலையும் பெரிதாக எதையும் சொல்லவில்லை. 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு வைத்துப் பார்த்தார். எந்தச் சுருதியை எவ்வளவு ஒலிக்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே கிடைக்கவில்லை. கூடுதல் காசு கட்டுமானத்துக்கும் பெயருக்கும் வசதிகளுக்கும் போகலாம். ஒலியின் சமநிலை அதோடு கூடவே வரும் என்று நம்பக் காரணமில்லை. எனவே நன்றாகத் தெரிந்த ஒரு பதிவைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். சண்முகானந்தா ஹாலில் நேரில் கேட்ட தொப்பி நினைவிருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இதெல்லாம் தலைகீழ். வண்டியை விட்டு இறங்கியதும் அடைப்பு வேண்டாம். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். அப்படியும் கடக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம், காதில் டிப்போடு. நன்றாக அடைத்த காதுக்கு ஹார்ன் வெகு நேரம் கழித்துத்தான் எட்டும். நான் பாலம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுவேன். தெருவில் நடக்கக் கேட்க வேண்டும் என்றால் பையில் கிடக்கும் பஞ்சு வைத்த போர்ட்டா புரோ வெளியே வரும். ஒயர் இயர்போனும் அதுவும் சேர்த்தாலும் நல்ல ஏஎன்சி ஒன்றின் விலை ஆகாது.

மாமாவுக்கும் கடைசியில் ஒயர் வைத்ததுதான். டிப் அளவு பார்க்க அரை மணி ஆயிற்று, இரண்டு காதுக்கும் பெரியது. மடலை இழுத்து மாட்டக் கற்றுக்கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"தாதர்ல நிக்கறேன்ப்பா. மாட்டுங்கா எப்போ போச்சுன்னே தெரியல. அக்லா ஸ்டேஷன் மாட்டுங்கான்னு அனௌன்ஸ்மென்ட்ல அவ சொன்னது காதுலயே விழல."

"அடடா. திரும்பி வண்டி பிடிங்கோ மாமா."

"பிடிக்கறேன், பிடிக்கறேன். தனி ஆவர்த்தனம் நடக்கறது, முடியட்டும்."